தோல் கிடங்கில் ஒரு பாரோ

ஜூன் 9, திங்கள்

நாலாம் பகுதி முடிந்தது. எகிப்தைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான். அடுத்தவன் சொல்ல மாட்டான், நானே எழுதி வைக்கிறேன்.

கதை இதுதான். நம்மூர்ப் பூட்டுக்காரன் ஒருவன் பிரமிடுக்குப் பூட்டுப் போடப் போகிறான். பாரோ மன்னர் உள்ளே தூங்குவது தெரியாமல் பூட்டிவிடுகிறான். சாவியும் உள்ளே மாட்டிக்கொண்டது. மொத்தம் ஆறு பகுதி, போனில் கேட்கிற சிரிப்பு நாடகம். கதை, வசனம், பூட்டுக்காரன் குரல் எல்லாம் நான். பாரோ, என் சிநேகிதன் இஷாக். பதிவு பண்ணுவது அக்கா மகள் அறிவுச்செல்வி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் எகிப்து நாலு பக்கம் இருந்தது. ஐந்தாம் பக்கத்திலிருந்து என் சொந்த ஆராய்ச்சி.

பதிவு இஷாக்கின் தோல் கிடங்கில். மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் ஃபேனை நிறுத்திவிட்டு ஆரம்பிப்போம். சுற்றிலும் கொடி கொடியாகத் தொங்குகிற பதப்படுத்திய ஆட்டுத்தோல். எதிரொலியே கிடையாது. வாயை விட்டுப் போன வார்த்தையை யாரோ கை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டதுபோல் இருக்கும். லண்டனில்கூட இப்படி ஒரு ஸ்டுடியோ இல்லை. நான் போனதில்லை. போனவனிடம் கேட்டிருக்கிறேன்.

“ஏலே சாமி, மன்னன்னு பேரு, ஒரு டீக்கு வழியில்ல. ஃபேனையும் அமத்திப்புட்டீங்க” என்றான் இஷாக் என்னிடம். அறிவு சிரித்ததில் ஒரு வசனம் வீணாகிப் போனது.

ஜூன் 17

இஷாக் போய்விட்டான். காலையில் கிடங்குக்குக் கிளம்பச் செருப்பு மாட்டினவன் அப்படியே உட்கார்ந்தானாம். பேகம்பூரில் அடக்கம் முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஜூன் 18

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6

நாடகத்தை நிறுத்துவதா, வேறு ஆளைப் போடுவதா? அறிவு மூன்றாவதாக ஒரு வழி சொன்னாள். நாலு பகுதியிலும் இஷாக் பேசியதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது அவன் குரலைக் கற்றுக்கொள்ளுமாம். நாம் என்ன எழுதினாலும் அவன் குரலிலேயே பேசுமாம்.

“கமர் அத்தைகிட்டக் கேட்டுட்டீங்களா மாமா?”

“கேட்டேன். தாராளமா பண்ணுங்கண்ணேன்னு சொல்லுச்சு.”

கேட்கவில்லை. புருஷன் போனபின் நாலு மாசம் வீட்டோடு இத்தா இருக்கிற பொம்பளையிடம் போன் போட்டு இதை எப்படிக் கேட்பது? கேட்டிருந்தால் சரி என்றுதான் இஷாக் மனைவி கமர்ஜஹான் சொல்லியிருக்கும். ஆகவே சொன்ன பொய்யில் பாதிதான் பொய்.

ஜூலை 13

இன்று பேசியது.

“யாருலே அது, என்னைய உள்ள வச்சுப் பூட்டுனது?” என்று நான்தான் டைப் அடித்தேன். ஸ்பீக்கரில் முதலில் மூச்சு இழுக்கிற சத்தம். அப்புறம் வசனம். இஷாக்கேதான், அந்தக் கரகரப்போடு. மூச்சை நான் டைப் அடிக்கவில்லையே?

“பழைய பதிவுல இருந்து அதுவே கத்துக்கிட்டது மாமா” என்றாள் அறிவு. அவளும் கையைத் தேய்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

இஷாக் காலடியிலேயே கிடந்த கிடங்குப் பூனை ஓடி வந்தது. ஸ்பீக்கரை முகர்ந்தது. பின்னால் போய்ப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு தோலுக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்த்தது. காற்றே இல்லாத இடத்தில் ஐந்து தோல் ஆடின. சரி, ஒன்று.

ஜூலை 21

இப்போது எனக்கே இயக்கத் தெரியும். அறிவு இல்லாமல் தனியாகப் போனேன். நாடகத்தில் இல்லாத ஒரு வசனம் அடித்தேன்: “சாமி, நீ இல்லேன்னா நான் வெறும் தோல் யாவாரிலே. நீதான் என்னைய மன்னனாக்குன.”

ஒன்பது தடவை கேட்டேன். டீக்கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, சாவதற்கு முந்தின நாள் சொன்னான் என்றேன். ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். எனக்கும் வந்தது.

உயிரோடு இருந்தபோது இப்படி ஏதாவது சொன்னானா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். பழனி பஸ்ஸில் ஒரு தடவை சொன்ன ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் பஸ் சத்தமே இல்லை. அவன் குரல் மட்டும், எதிரொலி இல்லாமல்.

ஆகஸ்ட் 3

பூனை இப்போதெல்லாம் வருவதில்லை.

ஆகஸ்ட் 19

கமர்ஜஹான் போன் செய்தது.

“அண்ணே, அவரு கொரலு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. வாய்ஸ் அனுப்பத் தெரியாது அவருக்கு. கல்யாண வீடியோவுலயும் பாட்டுத்தான் ஓடுது. நாடகத்துக்கு நடுவுல சும்மா பேசியிருப்பாருல்ல? அத மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. வசனம் வேணாம். அது நீங்க எழுதுனது.”

இன்றைக்கே அனுப்புகிறேன் தங்கச்சி, நூறு இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 22

நூறு இல்லை. பதினொன்று. டீ வந்துருச்சா. ஃபேனப் போடுலே. ஒரு இருமல். மழை வருமா. சீக்கிரம் முடி, வீட்ல பாத்துட்டு இருக்கும். மீதியும் இதே மாதிரிதான். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பொம்பளைக்கு டீயையும் ஃபேனையுமா கொடுத்தனுப்புவது?

பன்னிரண்டாவதாக ஒன்று நானே அடித்தேன்: “கமரு மாதிரி ஒருத்தி இந்த ஒலகத்துலயே கெடையாது சாமி. அவளுக்கு ஒரு பிரமிடு கட்டுனாலும் தகும்.”

நல்லதுக்குத்தானே? பென் டிரைவை அறிவிடம் கொடுத்து அனுப்பினேன். அவளிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8

கமர்ஜஹான் போன்.

“பதினொண்ணும் அவருதாண்ணே. பன்னெண்டாவது நீங்க.”

இல்லை தங்கச்சி, என் முன்னாலதான் சொன்னான் என்று ஆரம்பித்தேன். அது குறுக்கே பேசவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

“கொரலு அவருதுதான். பேச்சு ஒங்களுது. என்னையப் பத்தி அடுத்தவுங்ககிட்ட ஒரு வார்த்த பேசுன மனுசன் இல்ல அவரு. தெரிஞ்சும் மூணு நாளா அதையே கேட்டுட்டு இருந்தேண்ணே. அம்புட்டு நல்லா இருந்துச்சு. நாலாவது நாளு மத்ததப் போட்டா, டீ வந்துருச்சான்னு கேக்குறது யாரோ மாதிரி இருக்கு. அவரு மாதிரி இல்ல. பயந்து போயி அந்தப் பன்னெண்டாவத அழிச்சுட்டேன்.”

இப்போது எப்படி இருக்கிறது தங்கச்சி என்று கேட்டேன்.

“இன்னும் அவரா திரும்பல. தெனமும் போட்டுக் கேக்குறேன்” என்றது.

செப்டம்பர் 14

அறிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கமரிடம் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்து. “அப்ப அத்த வீட்டுக்கு அதக் கொண்டுபோய்க் குடுத்தது நானா மாமா?” என்றாள். அப்புறம் அவன் குரல் கற்றுக்கொண்டதை அழித்தாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். டீக்கடை நாலு பேரிடமும் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஐந்தாம் பகுதியை இன்று பதிவு செய்தோம். பாரோ உள்ளே இருக்கிறார், பேச மாட்டார். வெளியே நான் மட்டும் கதவைத் தட்டித் தட்டிப் பேசுகிறேன். பதில் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு நேரம் விடுவது என்று அறிவு கேட்டாள். அவன் மூச்சு இழுத்துப் பேச ஆரம்பிக்கிற நேரம் விடு என்றேன். அது எம்புட்டு என்றாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு ஞாபகம் வருவது எந்த மூச்சு என்று தெரியவில்லை.