ஆறு மாதம் என்று நான் படித்துச் சொன்ன பொட்டலம்

அனுப்புநர்
த. கோகிலவாணி, பி.எஸ்சி.,
ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தம் எதிரில்,
கச்சிராயபாளையம்.

பெறுநர்
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
கள்ளக்குறிச்சி.

பொருள்: குழந்தைப் படம் போட்ட தின்பண்டத்தால் ஏழு மாதக் குழந்தை பாதிக்கப்பட்டது – பொட்டலங்களை அகற்றவும், என் வாக்குமூலத்தைப் பதியவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் தாள்களையும் மருந்துச் சீட்டுகளையும் படித்துச் சொல்லும்படி ஊரார் என்னிடம் வருவார்கள். வாணியக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

2. கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி இளவரசனின் மனைவி அபிநயா, பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். சென்ற மாதம் 14ஆம் தேதி, கைக்குழந்தையுடன் என் கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "யக்கா, இது பாப்பாவுக்குக் குடுக்கலாமா? இன்னா போட்டிருக்குது, பாருங்க" என்று கேட்டார். நான் ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கும் குழந்தையின் படம். அதனருகே பெரிய ஆங்கில எழுத்தில் 'சிக்ஸ் மன்த்ஸ்'. ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கலாம் என்றேன்.

3. அது குழந்தையின் வயது அல்ல, ஐயா. பண்டம் கெடாமல் இருக்கும் காலம். அதைச் சொல்லும் சிறிய எழுத்துகள் பொட்டலம் ஒட்டிய மடிப்புக்குள் இருந்தன. நான் மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை.

4. அபிநயா அலட்சியமானவர் அல்ல. முதல் உருண்டையைத் தன் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். சோளப் பொரி, நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது. அதன்பிறகே குழந்தைக்குக் கொடுத்தார். சில உருண்டைகளுக்குள் மட்டும் முழு மல்லாட்டைப் பயறு, அதாவது நிலக்கடலைப் பருப்பு, வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? குழந்தை இருமி அடங்கியது. மூன்றாம் நாள் மூச்சில் சீழ்க்கைச் சத்தம். சளி என்று நினைத்தார்கள். கடைசியில் சேலத்தில்தான் குழாய் விட்டு, நுரையீரலுக்குப் போகும் வழியில் சிக்கியிருந்த பாதிப் பயறை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது.

5. வீட்டில் அவருடைய மாமியார், "படிச்ச பொண்ணுன்னு கட்டிக்கினு வந்தோம், ஒரு பொட்டலத்தப் படிக்கத் தெரியல" என்று தினமும் சொல்கிறாராம். நான் நேரில் போய், அதைப் படித்துச் சொன்னவள் நான்தான் என்று சொன்னேன். "நீங்க விடுங்கம்மா, பெத்தவளுக்கில்ல தெரியணும்" என்றார். ஊரிலும் என்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இப்போது அபிநயா, மசித்த வாழைப்பழம் ஊட்டவும் பயந்து பாலோடு நிறுத்திவிட்டார்.

6. நேற்று முன்தினம், பண்டத்தை விநியோகிப்பவர் சார்பில் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அதுவும் ஆங்கிலம். அபிநயா அதையும் என்னிடமே கொண்டுவந்தார். இம்முறை மடிப்பைப் பிரித்து, கடைசி வரி வரை படித்தேன். தாயின் கவனக்குறைவே காரணம் என்றிருந்தது. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

7. பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இன்றும் இந்தப் பொட்டலங்கள் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்குகின்றன. அவற்றை உடனே அகற்ற வேண்டுகிறேன். உள்ளே பயறு இருப்பதையும், எந்த வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது என்பதையும் தமிழில், மடிப்புக்கு வெளியே அச்சிட வைக்க வேண்டுகிறேன். பல் முளைக்காத குழந்தையின் படம் அதில் இருக்கக் கூடாது.

8. விசாரணைக்கு வரும்போது முதலில் என் கடைக்கு வாருங்கள். காரணம் என்று எழுதும் இடத்தில் அச்சிட்டவர் பெயர் வரட்டும். அடுத்து, படித்துச் சொன்னவள் என்று என் பெயர் வரட்டும். அபிநயாவின் பெயருக்கு எதிரே, 'கேட்டுத் தெரிந்துகொண்டவர்' என்று மட்டும் எழுதுங்கள். அவர் கேட்டார், ஐயா. கேட்காமல் கொடுக்கவில்லை.

இதில் கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறும்,
த. கோகிலவாணி

இடம்: கச்சிராயபாளையம்
நாள்: 06.11.2025

இணைப்பு:
பொட்டலம் – 1 (மீதமுள்ள உருண்டைகளுடன்; மடிப்பு பிரிக்கப்பட்டது)
கையெழுத்திடாத தாளின் நகல் – 1