உன்னால் குறைந்த புள்ளி

உன் அண்ணை நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்திருந்தார். உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம். சிநேகிதி என்று நானும் அதில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "பெரிசா ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருமன், அது காணும்," என்றார். மாதிரிக்கு என்று வேறு யாருடையதோ மலர் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அச்சு மை மணம் இன்னும் அதில் அடிக்கிறது. புரட்டிப் பார்த்தேன். சாந்தமானவர், அடக்கமானவர், பிறர் மனம் நோக ஒரு சொல் சொல்லாதவர். இதை உன் படத்துக்குக் கீழே போட்டால், எங்களோடு படித்தவர்கள் ஆள் மாறி அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நல்ல வார்த்தை எழுதுவோம் என்று பேனாவை எடுத்தால், அந்த இரண்டாம் செமஸ்டர் நுண்கணிதம் வந்து குறுக்கே நிற்கிறது. அண்ணைக்குக் கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உன்னோடு கதைக்க வேண்டியதைக் கதைத்துவிடுகிறேன்.

நான் சண்டிலிப்பாயிலிருந்து காலை பஸ்ஸில் நின்றபடியே பல்கலைக்கழக வளாகத்துக்கு வருவேன். நீ உடுப்பிட்டியை விட்டு வந்து வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தாய். பஸ் பிந்திய நாட்களில் முன் வரிசையில் உன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். இந்த ஒன்றை நினைவு மலரில் தாராளமாக எழுதலாம். ஆனால் அந்த முன் வரிசையில் உன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்பதையும் எழுத வேண்டிவரும். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கில விரிவுரைக்குள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நாங்கள் கொப்பியில் இறக்கிக்கொண்டிருப்போம். சேர் புத்தகத்தை மூடுகிற நேரம் பார்த்து நீ கையைத் தூக்குவாய். "சேர், அப்பிடித்தான் வரும் எண்டு சொன்னீங்கள். ஏன் வரும் எண்டு சொல்லேல்லை." எழும்பின வகுப்பு முழுக்கத் திரும்பவும் கதிரையில் இருக்கும். உன் கேள்வி முடிந்து கன்ரீனுக்குப் போனால் வடை முடிந்திருக்கும்.

எனக்கு அந்தப் பாடத்தில் பி வேண்டும். காரணம் உனக்கு நன்றாகத் தெரியும். முதலாம் வருடக் கணிதப் பாடங்கள் எல்லாவற்றிலும் பி இருந்தால்தான் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே போக வேண்டியதுதான். எங்கள் அப்பா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது, பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோரிடமும் "என்ரை பிள்ளை கம்பஸிலை படிப்பிக்கப் போறாள்" என்று முற்கூட்டியே சொல்லி முடித்திருந்தார்.

இடைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தித் தந்தபோது எனக்குப் போதுமான புள்ளி இருந்தது. உனக்கும் குறைவில்லை. ஒரேயொரு கேள்விக்கு மட்டும் உனக்குச் சிவப்புப் பேனாவால் பெரிய முட்டை போட்டிருந்தது. சைனையும் கோசைனையும் பெருக்கி வைத்துத் தொகையிடச் சொன்ன கேள்வி அது. நாங்கள் எல்லோரும் நேர் வழியால் போய், சைன் வர்க்கத்தின் பாதி என்று எழுதியிருந்தோம். நீ இரட்டைக் கோணத்துக்குள் புகுந்து சுற்றிவிட்டு, கோசைனில் ஒரு விடையோடு வெளியே வந்திருந்தாய். திருத்தினவரிடம் இருந்த மாதிரி விடைத்தாளில் எங்களுடைய விடைதான் இருந்தது.

கன்ரீனில் என் தேநீரை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு விடைகளையும் என்னைக்கொண்டு வகையிட வைத்தாய். இரண்டுமே திரும்பிப் போய் அதே கேள்வியில் நின்றன. "பாத்தியோ? ரெண்டும் சரி. ஒரு மாறிலிதான் வித்தியாசம்," என்றாய். எந்தக் கோணத்தைப் போட்டாலும் மாறாத ஒரு சின்ன எண்தான் இரண்டுக்கும் இடையில் இருந்தது.

"சரியடி, நீ சொல்றது சரி. உனக்குத்தான் மற்றதுகளிலை காணுமான அளவு கிடக்கெல்லோ. விடன்."

"பிழை எண்டு போட்டிருக்கு. எப்பிடி விடுறது?"

சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனாய். அவர் தாளைப் பார்த்தார், இன்னொரு தரமும் பார்த்தார், பிறகு "நீர் சொல்றது சரிதான்" என்றார். அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் உன் வாழ்க்கையும் என் வாழ்க்கையும் சுகமாக இருந்திருக்கும். ஆனால் உனக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க ஏலாதே. "சேர், எந்தத் தொகையீட்டுக்கும் கடைசியிலை ஒரு மாறிலி வரும்தானே. அதாலைதான் ரெண்டு விடையும் ஒண்டாகுது," என்று அவருக்கே படிப்பித்தாய்.

சேர் உன் தாளை மெதுவாகப் புரட்டினார். "ஓம். அப்ப உம்மடை மாறிலி எங்கை?"

நீ எழுதியிருக்கவில்லை. எந்தத் தொகையீட்டிலும் எழுதியிருக்கவில்லை. நானும்தான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவசரத்தில் விட்டிருந்தோம். திருத்தினவரும் அதைப் பெரிதாக எடுத்திருக்கவில்லை.

"உண்மைதான் சேர். அதுக்குக் குறைக்கத்தான் வேணும்," என்றாய்.

"உமக்கு மட்டும் குறைக்க ஏலாது. எல்லாற்றை தாளையும் பாக்கவேணும்."

நான் உன் காலை மிதித்தேன். நீ திரும்பி, அவர் முன்னாலேயே "ஏனடி மிதிக்கிறாய்?" என்று கேட்டாய். பிறகு அவரிடம், "ஓம் சேர், அதுதான் நியாயம். நானே சேத்துக்கொண்டு வாறன்," என்றாய்.

சேர் தாள்களைத் திரும்பவும் பார்க்கப் போகிறார் என்று நீ வகுப்பில் சொன்னதும், புள்ளி கூடும் என்று எல்லோரும் ஆசையோடு தூக்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு. உனக்குக் கூடினதைவிடக் குறைந்ததுதான் அதிகம். ஆனாலும் முட்டை இருந்த இடத்தில் ஒரு சரி விழுந்திருந்தது. அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாய். "உவள் ஒருத்தியாலை எங்களுக்கெல்லாம் போச்சு," என்று பொடியன்கள் உனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்கள். நீ அவர்களுக்கும் விளக்கம் சொல்லப் போனாய்.

இறுதிப் பரீட்சையில் நீ ஏறி வந்துவிட்டாய். உனக்கு பி. எனக்கு பி மைனஸ். திரும்ப எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். இடைப் பரீட்சையில் போன அந்தச் சில புள்ளிகள் கையில் இருந்திருந்தால் தாண்டியிருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்கு நுண்கணிதம் தேவைப்படவில்லை. அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று, "உன்னாலைதான்," என்றேன். நீ பேசாமல் நின்றிருக்கலாம். ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் அழுதிருக்கலாம். நீ என்ன சொன்னாய்? "அது உன்ரை புள்ளி இல்லையடி. பிழையா உன்னட்டை வந்தது."

அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்த விடுமுறை முழுவதும் உன் அழைப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. ஒருநாள் ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினாய். நான் அறைக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. நீ என் அப்பாவை முற்றத்துக் கதிரையில் இருத்தி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை சொல்றதிலையும் நியாயம் இருக்குத்தானே," என்று உள்ளே வந்து என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு தோட்டத்தில் என் படிப்பைப் பற்றி அவர் யாரிடமும் கதைக்கவில்லை. அது உனக்குத் தெரியாது. உனக்கு நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

நீ அந்த நாலாவது வருடத்தையும் படித்து முடித்தாய். அப்படிப் படித்துவிட்டு எங்கே வந்தாய்? பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில், வட்டுக்கோட்டைப் பக்கம் நான் ஏற்கெனவே படிப்பித்துக்கொண்டிருந்த அதே பள்ளிக்கூடத்துக்கு, என் பக்கத்து மேசைக்கு வந்தாய். சேவையில் நான் உனக்கு மூப்பு. சிரிப்பதா உன் தலையில் குட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இடைவேளைத் தேநீரோடு சண்டையைத் திரும்பத் தொடங்கினோம். மன்னிப்புக் கேள் என்பேன். "கேட்டா அது பொய்யடி விசரி. நீ கவலைப்பட்டதுக்கு எனக்குக் கவலை. செய்ததுக்குக் கவலை இல்லை," என்பாய். சண்டை அடுத்து எங்கே திரும்பும் என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பாடம். நாங்கள் தொடங்கினால் மற்ற ரீச்சர்மார் கதிரையை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது கை வீங்கி, உதடு காய்ந்து கிடந்தாய். அதுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அந்த நிமிடத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். உன் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "சரியடி, நீ செய்தது சரிதான். நான் அதை விட்டிட்டன்," என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னை முறைத்தாய். "வருத்தக்காரி எண்டு பாத்து விட்டுக்குடுக்காதை. எழும்பி வாறன், வந்து சண்டை பிடிப்பம்," என்றாய்.

நீ எழும்பி வரவில்லை. செத்த வீட்டில் ஒரு மாமி என் கையைப் பிடித்து, மனதில் ஏதும் கோபதாபம் இருந்தால் மன்னித்து அனுப்பு பிள்ளை என்றார். நான் தலையை ஆட்டினேன், ஆனால் அனுப்பவில்லை. நீதானே விட்டுக்கொடுக்காதே என்றாய். நான்கு வருடப் படிப்பு போன கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது, ஒரு புள்ளியும் குறையவில்லை. இடைவேளை மணி அடித்ததும் அது வந்துவிடுகிறது. உன்னாலைதான் என்று வாய்வரை வருகிறது. மற்ற ரீச்சர்மார் தலையைக் குனிந்துகொண்டு தேநீர் குடிக்கிறார்கள்.