முள்ளம்பன்றிக்குக் கட்டிய கம்பி

குன்னம்,
4.10.1982

அன்புள்ள வைத்திலிங்கத்துக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு திருத்தம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கடலைக் கொல்லையில் மரத்தடியில் கிடக்கிறேன், முள்ளம்பன்றிகளுக்குச் சோறு வைக்கிறேன் என்றெல்லாம் உன் அத்தை பூங்காவனம் எழுதியிருப்பாள். மரத்தடியில் அல்ல. உன் அப்பா சர்வே வேலையில் இருந்தபோது வாங்கிய கூடாரத்தில், கட்டிலில், கொசுவலை கட்டிப் படுக்கிறேன். கல்யாணமான புதிதில் அவரோடு முகாம் முகாமாகத் திரிந்தவளுக்குக் கூடாரம் புதிதல்ல. சோறு வைக்கிறேன் என்பது சுத்தப் பொய்.

இந்த வருஷம் கடலை நன்றாகக் காய்த்திருக்கிறது. ஓடைச் சரிவிலிருந்து முள்ளம்பன்றிகள் வந்து வரிசையாகக் கிளறிப் போடுகின்றன. காவலுக்கு இருந்த செல்லக்கண்ணு காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு ஆள் வரும்வரை நானே இருக்கிறேன் என்றேன். உன் சித்தப்பா மகன் இளையபெருமாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்ன பெரியம்மா, முள்ளம்பன்றிக்கு கான்வென்ட் பாடம் நடத்தப் போறீங்களா?” என்றான். நான் கான்வென்டில் படித்ததை அவன் விடுவதே இல்லை. பாடம் உனக்குத்தான் தேவை என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

முதல் முறை பார்த்தது விளக்கேற்றிய சிறிது நேரத்தில். காய்ந்த நெற்றுகளைக் குலுக்குவது போல ஒரு சத்தம். லாந்தரைத் தூக்கினேன். ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். ஓடவில்லை. காலைத் தரையில் தட்டியது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, முட்கள் அத்தனையும் எழுந்தன. அது முள்ளை எய்யும் என்று ஊரில் சொல்வார்கள். எய்வதில்லை. பின்னால் நகர்ந்து வந்து குத்துகிறது. நம் வீட்டு நாய் அதைத் தெரிந்துகொள்ளாமல் பாய்ந்து, மூக்கில் முள்ளோடு திரும்பியது. அதன் வாயைத் துணியால் கட்டி, குறட்டால் நானே பிடுங்கினேன். அன்றிலிருந்து தகரத்தைத் தட்டுகிறேன். அவை போய்விடுகின்றன. கொஞ்சம் கடலை போகிறது. அதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கொஞ்சம் இளையபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. முளை அடித்து, வரப்பு நெடுகக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டான். வரப்பில்தான் ஏன் என்று கேட்டேன். முள்ளம்பன்றி தடம் மாறாதாம், அந்த வரப்பு வழியாகவே வருமாம். உண்மைதான். ஆனால் தெற்குத் தெருப் பெண்கள் விடிவதற்கு முன் ஓடைப் பக்கம் ஒதுங்கப் போவதும் அதே வரப்பில்தான். அவர்களுக்கும் வேறு தடம் கிடையாது. தண்டோரா போட்டாயிற்று என்கிறான். கடலை பிடுங்க வெளியூரிலிருந்து வரப்போகிறவர்கள் அந்தத் தண்டோராவை எங்கே கேட்டார்கள்?

சனிக்கிழமை என்னைக் கல்லங்குறிச்சிக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். பெருமாளைச் சேவித்துவிட்டு மாலையில் திரும்பினால் கொல்லையில் கூட்டம். மோட்டாருக்குச் செய்கிற பழக்கத்தையே கம்பிக்கும் செய்திருக்கிறான். கரண்ட் இல்லாதபோது சுவிட்சைப் போட்டபடியே விட்டு வந்துவிட்டான். நாங்கள் கோயிலில் இருந்த நேரம் கரண்ட் வந்திருக்கிறது. முளையின் அடியை முள்ளம்பன்றி பறித்திருந்ததால் கம்பி சரிந்து வரப்பில் கிடந்தது. தெற்குத் தெருக் காத்தாயியின் ஆடு அதன்மேல் விழுந்து செத்துவிட்டது. ஆட்டுக் கயிறு அவள் கையில் இருந்தது. கயிறு காய்ந்திருந்தது, வைத்தி. மறுநாள் மழை.

வேறு ஆடு வாங்கித் தந்துவிட்டான். அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறான். காத்தாயி என்னிடம் வந்து, “கம்பிக்குப் பயந்துகிட்டு நாங்க எங்கங்க போறது? இருட்டோட போயிட்டு இருட்டோட வர்ற பொம்பளைங்க நாங்க” என்றாள். நம் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது.

அவனிடம் கம்பியை அவிழ்க்கச் சொன்னேன். “அண்ணன் ஆடிக்கு வந்தப்ப ஒன் இஷ்டம்போல செய்யின்னுட்டுப் போயிட்டாரு. கொல்லை அவரு பேருல இருக்கு. அவரு எழுதட்டும், அவுத்துடறேன்” என்கிறான். நீ அப்படிச் சொன்னது உண்மையா? கம்பியை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டுமே. மின்சார ஆபீசுக்கு எழுத எனக்கு வராமல் இல்லை. உன் சித்தப்பா மகனை ஸ்டேஷனில் நிறுத்த மனம் வரவில்லை. இதற்கு மேலும் வராமல் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

செல்லக்கண்ணு நேற்றே எழுந்து வேலைக்கு வந்துவிட்டான். ஆனாலும் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. வரப்பை ஒட்டி, கம்பிக்குப் பக்கத்திலேயே மாற்றிப் போட்டிருக்கிறேன். மழைக்கு ஒரு மூலை ஒழுகுகிறது. கால் வீக்கம் முன்பு போலத்தான். நான் இங்கே படுத்திருக்கும்வரை இளையபெருமாள் சுவிட்சைப் போட மாட்டான். அவன் கெட்டவன் இல்லை. மறதிக்காரன். கரண்டோ யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். மருமகளும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். எஃகு உலையில் வேலை செய்யும்போது கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. உங்கள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

யாரிடமும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாதே. கம்பியை அவிழ்க்கச் சொல்லி, உன் கையெழுத்தில், இளையபெருமாள் பெயருக்கே எழுது. எனக்கும் இரண்டு வரி எழுது.

அம்மா
சாந்தா