புத்தகத்தின் விடையும் உன் விடையும்

அக்கா,

நேற்று உன் நோட்டில் நான் போட்ட சிவப்புப் பெருக்கல் குறிகள் நான்கா ஐந்தா, சரியாக நினைவில்லை. "இன்டக்ரேஷன் எனக்கு ஏறாதுடி, நாளைக்குப் பரீட்சைக்கே போகல" என்று நீ நோட்டை மூடியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி, புத்தகத்தின் கடைசிப் பக்க விடைகளை மட்டும் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட்டேன். காலையில் உன் விடைகளை வகையிட்டு, பின்னாலிருந்து முன்னால் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கேள்வியே திரும்பி வந்தது. முதல் கணக்கில் நீ சைனைப் பிரதியிட்டாய், புத்தகம் கொசைனைப் பிரதியிட்டது. இரண்டு விடைக்கும் வித்தியாசம் வெறும் அரை. கடைசியில் கூட்டுகிற மாறிலி அதை விழுங்கிவிடும். உன் விடை சரிதான் அக்கா.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பி மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நீ கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டில் கொடு.

பின்குறிப்பு: ஆறாவது கணக்கில் மாறிலியையே காணோம். அந்தப் பெருக்கல் குறி மட்டும் இருக்கட்டும், மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள், அப்பா பட்டறைக்கு. இன்று எனக்கு அரைநாள் பள்ளிதான், முடிந்ததும் இரண்டு மணிக்குப் பரீட்சை ஹால் வாசலில் நான் இருப்பேன். எதுவும் பேச மாட்டேன். நீ உள்ளே போகும்வரை நிற்பேன்.