பீடத்துக் காளை

நம்பாத ஒருத்தி, நம்புகிறவர்கள் முன்னால் எழுந்து நின்று அவர்களுடைய பீடத்துக்காக வாதாடலாமா? எனக்குத் தெரியவில்லை. நீ உயிரோடு இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

இன்று மாலை உன் கணவர் வந்தார். கையில், பீடத்தின் முகப்புக்கு நீ செய்துகொடுத்த பித்தளைத் தகட்டைத் துடைக்கும் பழைய துணி. பாலிஷ் வாசம் இன்னும் போகவில்லை. "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மீட்டிங். தகட்டக் கழட்டணும்னு சொல்றாங்க. நீங்க வரலாறு படிச்சவங்க, வந்து பேசுங்க லா," என்றார். உங்கள் கூலாய் ஊர்த் தேவாலயத்தில் பலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கும் தெரியும். நடுவில் கிறிஸ்து இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. மூலைகளில் இருக்கும் சிங்கமும் காளையும் கழுகும்தான் படுகின்றன. இந்துக் கோயில் சாமி வாகனங்களாம். நீ போய் ஓராண்டுகூட ஆகவில்லை. நீ விட்டுப்போனதில் ஊர் பார்க்க இருப்பது அது ஒன்றுதான்.

நாம் இருவரும் டென்மார்க் போயிருந்தபோது குளிர் தாங்காமல்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். மரப்பலகைமேல் செம்புத் தகடு அடித்து, பொன்முலாம் பூசிய பழைய பீட முகப்பு. பணக்காரப் பகட்டு என்றேன். நீ குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாய். மெழுகுவத்திச் சுடர் ஆடும்போது தகட்டின் நடுவில் இருக்கும் கிறிஸ்து அசைவார், அதற்குத்தான் பொன் என்றாய். பிறகு முலாம் உரிந்த ஓரத்தைக் காட்டினாய். "உள்ள வெறும் கட்டைடி. மேலதான் தங்கம். நம்மள மாதிரி."

ஊர் திரும்பியதும் ஜொகூர் பாருவில் சாமி கவசம் அடிக்கும் கடையில் படத்தைக் கொடுத்துப் பித்தளையில் செய்யச் சொன்னாய். கடைக்காரர் பழக்க தோஷத்தில் காளைக்குத் திமில் வைத்து, கழுத்தில் மணியும் கட்டிவிட்டார். மாற்றச் சொல் என்றேன். நீ கேட்கவில்லை. "இருக்கட்டும்டி. காஹாங் ஊர்ல எங்க தாத்தா வளத்த மாடு இப்படித்தான் இருந்துச்சு."

நோய் முற்றிய பிறகும் அதன் முன்னால் முழந்தாளிட்டாய். நான் வாசலில் காத்திருந்தேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதில்லை.

நாளை என்ன சொல்வது என்று தெரியும். மூலைக்கு ஒன்றாக மனிதன், சிங்கம், காளை, கழுகு; நான்கு நற்செய்தியாளர்கள். காளை லூக்கா, பலியின் அடையாளம். என் வாயில் அது அருங்காட்சியக விளக்க அட்டையாகத்தான் வரும்.

மறுநாள் நடந்தது இது. சொன்னேன். ஃபாதர் தலையாட்டினார். முதலில் புகார் சொன்ன ரோஸ்லின் அக்கா எழுந்தார். "தங்கச்சி சொல்றது சரிதான். அந்த மணி எதுக்கு? லூக்கா மணி கட்டிக்கிட்டா எழுதினாரு?" சிலர் சிரித்தார்கள். தகட்டைக் கழற்ற வேண்டாம், நீளமான வெள்ளைத் துணியால் மூடிவிடலாம் என்று முடிவானது. உன் கணவர் நீ தகடு துடைத்த பழைய துணியை என் பைக்குள் வைத்துவிட்டு வெளியே போனார்.

எல்லோரும் பசியாறப் போனபின், மறந்த பையை எடுக்கத் திரும்பினேன். ரோஸ்லின் அக்கா தனியாகப் பீடத்துக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தைத் தூக்கி, காளையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுருக்கம் இல்லாமல் துணியை இழுத்துவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் துணி என் பையில் இருந்தது.