தொட்டிக்குள் இறக்கிய விளக்கு

பூதப்பாண்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஆர்த்திகா,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, நல்லவேளையாகக் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து வைக்கோலும் நனையாமல் வந்து சேர்ந்துவிட்டது, அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை. தம்பி சுஜித்துக்குக் கல்லூரித் தேர்வு நடக்கிறது, நன்றாக எழுதுவதாகச் சொல்கிறான், மதிப்பெண் வந்தபிறகு நம்பலாம் என்றிருக்கிறேன். சித்தி மகள் கல்யாணத்துக்குத் தோவாளையில் பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டது, உனக்கு லீவு உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

வியாழக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோல் பதனிடும் ஆலையில் தோலிலிருந்து முடியை நீக்கிய சுண்ணாம்புத் தண்ணீர் போய்ச் சேருகிற நிலத்தடித் தொட்டியில் போன மாதம் சகதி எடுத்தீர்கள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி நீ ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாய், அது அணையாமல் எரிந்தது, உடனே ஆள் இறங்கலாம் என்று தாளில் கையெழுத்துப் போட்டாய். இறங்கிய ஜான்ரோஸ், நம் கருங்கல் ஊர்ப் பக்கத்து ஆள் என்றாயே, பத்து நிமிடத்தில் கண் சிவந்து ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "வெளக்கு நல்லாத்தான் நிக்கி மேடம், எனக்க தலதான் சுத்துது" என்றாராம். பிறகு வாந்தி எடுத்தார். முந்தின நாள் தின்ற பரோட்டாதான் காரணம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன், போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால், "சரிம்மா, சரிம்மா, வெளக்குதான் எரிஞ்சுதே, ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு" என்று வைத்துவிட்டாய். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தொட்டியைத் திறக்கப் போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன், இதைப் போனைப் போல நடுவில் வைத்துவிட முடியாது.

அப்பாவின் விளக்கு நம் கிணற்றுக்குச் சரி. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், ஆள் இறங்கமாட்டார்கள். விளக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்கள் தொட்டியில் இருப்பது வேறு. சுண்ணாம்போடு போடுகிற சோடியம் சல்பைடு கலந்த தண்ணீரோடு, பதனிடும் பிரிவிலிருந்து வருகிற அமிலத் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது இருந்தால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார், அந்த அளவில் விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். இன்னும் அதிகம் சேர்ந்தால் அந்த வாயுவே தீப்பிடிக்கும், அப்போது நீ இறக்குவது விளக்கு அல்ல, கொள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழுகிய முட்டை நாற்றத்தில் சாப்பிடவே முடியவில்லை என்றாய், இப்போது தொட்டிப் பக்கம் நின்றாலும் ஒன்றும் தெரிவதில்லை, பழகிவிட்டது என்கிறாய். பழக்கம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த வாயு கூடினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்பதை வைத்து யாரையும் உள்ளே அனுப்பாதே.

இதில் அப்பாவைவிட என் தப்புதான் பெரிது. அவர் உனக்கு விளக்கு யோசனை சொன்ன அன்று நான் அதே மேஜையில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் இதே வாயுவுக்குப் பயந்து ஜன்னலைத் திற ஜன்னலைத் திற என்று பிள்ளைகளை விரட்டுகிறவள், அவர் ஏதோ கிணற்றுக் கதை பேசுகிறார் என்று தலையை நிமிர்த்தாமல் இருந்துவிட்டேன். ஜான்ரோஸ் ஏறி வந்தது அவருடைய நல்ல நேரத்தால், என் படிப்பால் அல்ல.

அப்பாவிடம் சொன்னேன். "எங்க அப்பா காலத்துலேருந்து வெளக்கு எறக்கித்தான் கெணத்துல ஆளு எறங்கும், ஒருத்தனுக்காவது ஒண்ணு ஆச்சா? டீச்சரம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சத்தம் போட்டார். "கெணத்துக்குள்ள நீங்க சல்பைடும் ஆசிடும் ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மதியம் வந்து, "பிள்ளைகிட்ட நானே சொல்லுகேன், நான் சொன்னது தப்புன்னு" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் கேட்காத வார்த்தை. இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் உன்னைக் கூப்பிட்டிருப்பார், நீ சிரித்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

முதலில், ஆள் இறங்காமல் வெளியிலிருந்தே லாரி வைத்துச் சகதியை உறிஞ்ச முடியுமா என்று கேள், முடியும் என்றுதான் நினைக்கிறேன். இறங்கியே ஆக வேண்டுமென்றால் வாயு அளக்கும் மீட்டர் வேண்டும், மேலே ஒரு முறை காட்டிவிட்டு எடுத்து வைப்பதற்கு இல்லை, சகதியைக் கிளறும்போதுதான் அடைந்து கிடந்த வாயு வெளியே வரும், அதனால் இறங்குகிறவர் உடம்பிலேயே மீட்டர் இருக்க வேண்டும். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிற முகமூடி, இடுப்பில் கயிறு, மேலே கண்ணை எடுக்காத ஒரு ஆள். முகத்தில் கட்டுகிற துண்டு தூசிக்குக்கூட அரைகுறை. உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது என்பதை இப்போதே எல்லாரிடமும் சொல்லிவை, நீயும் குதிக்கமாட்டாய் என்று எனக்கு எழுது. இத்தனை வருடமாக இப்படித்தான் செய்கிறோம் என்று மேனேஜர் சொல்வார். சொல்லட்டும், தாளில் அவர் பெயரை அவரே எழுதட்டும். உன் பெயரை எழுதாமல் இருக்க உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வேலை போகும் என்று மிரட்டினால் அன்றைக்கே பஸ் ஏறு, வடசேரி பஸ் நிலையத்தில் அப்பா வந்து நிற்பார். ஆனால் அது வரைக்கும் போகாது என்று நினைக்கிறேன், ஆறாம் வகுப்பிலேயே என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து விடாமல் சாதித்தவள் நீ. ஜான்ரோஸைக் கட்டாயம் டாக்டரிடம் அனுப்பு, பரோட்டா என்று சொல்லாமல் தொட்டி என்று சொல்லச் சொல். போன தடவை உன் விரலிடுக்கில் தோல் வெடித்திருந்ததையும் பார்த்தேன், குரோம் உப்பில் பதப்படுத்திய தோலைத் தொடும்போது கையுறையைக் கழற்றாதே, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று என்னிடம் சொல்லாதே.

உடம்பில் சுகமும் மனசில் தைரியமுமாக நூறு வயது நன்றாயிரு. எல்லாரையும் கேட்டதாகச் சொல். சனிக்கிழமை தொட்டியின் மூடியைத் தூக்கி மீட்டரை உள்ளே இறக்கியதும், ஆள் இறங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு மீட்டரில் என்ன எண் காட்டுகிறது என்று படித்துச் சொல். மீட்டர் வரவில்லை என்றால், யாரும் இறங்கவில்லை என்று மட்டும் சொல், எனக்கு அது போதும்.

ஆசிகளோடு,
உன் அம்மா
சண்முகவடிவு