கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் சங்கீதக் கதிரை

என் ஆசை அக்கா,

பள்ளிக்கூடம் சித்திரை விடுமுறைக்குப் பூட்டிவிட்டது. இந்த வருசத்து வெயில் நீ கண்ட வெயில் இல்லை. பத்து மணிக்கே முற்றத்து மணலில் கால் வைக்க முடியவில்லை. பிள்ளைகளை வெளியே விடவேண்டாம் என்று கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை வருகிறது. விட்டால் எங்கே போவார்கள் என்று உனக்குத் தெரியாததா? நேரே வாய்க்காலுக்குத்தான். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், கரைமுட்ட ஓடுகிறது.

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றும் தெரியவில்லை அக்கா, அவ்வளவுதான். மார்கழி மழைக்குள் டெங்குக் காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதிலிருந்து இன்றுவரை நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் என்னைக் கட்டிப்பிடித்துக் குழறியது. நானோ வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும் கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பது துளசி வாயில் வைத்துச் சொன்னால்தான் தெரிகிறது.

இவர் கட்டாரிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "ஒருக்கா வாய்விட்டு அழுமப்பா, எல்லாம் சரியாகும்" என்கிறார். நான் என்ன, தண்ணிப் பைப்பா வைத்திருக்கிறேன், திறந்துவிட?

விடுமுறை தொடங்கிய அன்று காலையிலேயே எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படலையில் வந்து நின்றார்கள். "அன்ரி, உள்ள வரலாமோ?" ஒவ்வொரு சித்திரைக்கும் அவர்கள் உன்னிடம்தானே வந்தார்கள். தாய் தகப்பன் வயலுக்கும் வேலைக்கும் போய்விட, வெயில் சாயும்வரை அவர்களை எங்கள் ஹோலுக்குள் வைத்து நீ விளையாட்டுக் காட்டுவாய். நான் குசினிக்குள் சமைத்தபடி சத்தத்தை மட்டும் கேட்பேன். தலையிடியாக இருக்கிறது என்று உன்னை ஏசியும் இருக்கிறேன்.

எதிர்வீட்டுச் செல்வமக்கா தன் படலையில் நின்றபடியே கேட்டா. "துக்கவீட்டில என்ன பிள்ளை கும்மாளம்? ஆண்டுத் திவசம் முடியட்டுமன்."

அவா சொன்னதிலும் பிழையில்லை. இந்த வருசம் எங்களுக்கு வருசப்பிறப்பும் இல்லை, பலகாரமும் இல்லை. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத்தான் வாயெடுத்தேன். அதற்குள் துளசி என் பின்னாலிருந்து காலை இழுத்து இழுத்து வந்து படலையைத் திறந்துவிட்டாள். பிறவியிலேயே வளைந்து, ஒப்பரேசன் செய்தும் நேராகாத அந்தக் காலோடு என் பிள்ளை மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடிய ஒரே இடம் எங்கள் ஹோல்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்தால் அவளை மற்றவர்களின் பைக்குக் காவல் வைத்துவிடுவார்கள். அதை நினைத்துத்தான் நானும் சும்மா இருந்தேன்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். கள்ளன் பொலிஸ் துண்டு எழுதிக் குலுக்கிப் போட்டேன். போர்வை மடிப்புக்குள் ஈர்க்குத் துண்டை ஒளித்துக் கண்டுபிடிக்க விட்டேன். கண்ணைக் கட்டிவிட்டு, முகத்தைத் தடவி ஆளின் பெயர் சொல்ல வைத்தேன். எல்லாவற்றையும் மரியாதைக்காக விளையாடி முடித்துவிட்டு, "அன்ரி, சங்கீதக் கதிரை எப்ப?" என்றார்கள்.

கதிரைகளை ஹோலின் நடுவில் வட்டமாகப் போட்டோம். பிள்ளைகளைவிட ஒரு கதிரை குறைவு. நீ தட்டுகிற அதே எவர்சில்வர் தட்டத்தையும் கரண்டியையும் எடுத்தேன். தட்டம் அடிக்கும்வரை சுற்றி ஓடவேண்டும், நின்றதும் இருக்கவேண்டும், இடம் கிடைக்காதவர் வெளியே. இதில் என்ன தெரியாமல் போகப்போகிறது என்று நினைத்தேன். ஒருவருக்கும் பக்கம் சாயக்கூடாது என்று வாசலைப் பார்த்து நின்று, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு தட்டினேன்.

முதல் ஆட்டத்தில் முதல் ஆளாக வெளியே போனது துளசி. இரண்டாம் ஆட்டத்திலும் அவள்தான். மறுநாளும் அவள்தான். உன்னிடம் விளையாடிய காலத்தில் அவள் இப்படித் தோற்றதே இல்லை. "கதிரை விளையாட்டில நான் விண்ணி" என்று தகப்பனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? அதற்கு அடுத்தநாள் பிள்ளைகள் வந்தபோது அவள் அறையை விட்டு வரவில்லை.

"என்னம்மா, விளையாடேல்லையோ?"

"இல்லை."

"ஏன் குஞ்சு?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அலுமாரியில போட்ட சீலையை எடுங்கோ. பெரியம்மா அலுமாரியைப் பாத்துக்கொண்டுதான் தட்டுறவா. நீங்களும் அப்பிடித் தட்டினா வாறன்."

அந்தச் சீலையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். உன் எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள், ஹோலில் நிற்கிற அலுமாரியின் கண்ணாடியைப் பழைய சீலை ஒன்றால் மூடிவிட்டேன். போகவர என் முகம் தெரிகிறது. என் முகம் தெரிந்தால் உன் முகம்தானே தெரிகிறது. சந்தையில்கூட உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள், நீ சிரிப்பாய். இப்போது அந்த முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பிள்ளை கேட்கிறாளே என்று எடுத்தேன். தூசியைத் துடைத்தேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, நீ நிற்கிற இடத்தில் நின்று தட்டத்தைத் தட்டத் தொடங்கினேன். தலையை நிமிர்த்தினால், அக்கா, கண்ணாடிக்குள் முழு ஹோலும் கிடந்தது. எல்லாக் கதிரையும் தெரிந்தது. எந்தப் பிள்ளை எந்தக் கதிரைக்குப் பக்கத்தில் என்று ஒன்றுவிடாமல் தெரிந்தது.

பக்கம் சாயாமல் இருக்கத்தான் நீ அலுமாரியைப் பார்த்து நிற்கிறாய் என்று ஒழுங்கை முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். எத்தனை வருசமாகச் செய்தாய் இந்தக் கள்ள வேலையை? என்னிடம்கூட ஏன் ஒரு சொல்லுச் சொல்லவில்லை? நான் பெற்ற பிள்ளையைத்தானே அக்கா நீ முதல் ஆளாக வெளியே போகவிடாமல் பார்த்தாய்?

கை தன்பாட்டில் தட்டிக்கொண்டிருந்தது. துளசி ஒரு கதிரையை நெருங்கும்போது நிறுத்தினேன். அவள் இருந்துகொண்டாள். இருந்துகொண்டு கண்ணாடிக்குள் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் போனபிறகு துளசிக்குத் தலை இழுத்துவிடும் சாட்டில் கேட்டேன். "பெரியம்மா கண்ணாடியில பாக்கிறது உனக்குத் தெரியுமோ?"

"ஓம். எப்பவோ தெரியும்."

"பின்னை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா அவா பாக்கிறதை விட்டிடுவாவெல்லோ."

சீப்பைக் கீழே வைத்தேன். அவள் தலைமயிரைக் கையால் மூன்றாகப் பிரித்துப் பின்னிவிட்டேன்.

இனி நேற்றைய கதை. செல்வமக்காவின் கடைசிப் பெடியன் குட்டியனையும் அவா அனுப்பிவிட்டா. கும்மாளம் கூடாது என்று சொன்ன அதே செல்வமக்காதான். அவனும் வாய்க்காலுக்குப் போக வெளிக்கிட்டானாம். வந்தவர்களில் அவன்தான் சின்னன். முதல் ஆளாக வெளியே போய் மூக்கு வழிய அழுதான். துளசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டத்துக்கு வந்து என் கையிலிருந்த தட்டத்தை வாங்கினாள்.

"இந்தமுறை நான் தட்டுறன். நீங்கள் விளையாடுங்கோ அம்மா."

போய் அலுமாரியைப் பார்த்து நின்றாள். கதிரை போதாமல் பிள்ளைகள் யன்னலோரம் கிடந்த உன் நீலப் பிளாஸ்டிக் கைக்கதிரையையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். நீ போனபிறகு அதில் நான் இருந்ததில்லை. உடுப்பு மடித்து வைக்கக்கூட அதைத் தொட்டதில்லை. குழந்தைகளோடு குழந்தையாக நானும் சுற்றினேன். தட்டம் நின்றது, குட்டியனுக்குக் கதிரை கிடைத்தது. மறுபடி நின்றது, மறுபடியும் அவனுக்குக் கிடைத்தது. மூன்றாம் முறை தட்டம் நின்றபோது நான் உன் கதிரைக்கு நேர் முன்னால் நின்றேன்.

இருந்தேன். அழுகை வரவில்லை அக்கா. ஆனால் யன்னல் வெயிலில் காய்ந்து கிடந்த அந்தப் பிளாஸ்டிக்கின் சூடு சுள்ளென்று பட்டது. அது தெரிந்தது. கண்ணாடிக்குள் துளசி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போது நிறுத்தவேண்டும் என்று உன்னிடமிருந்து படித்துத்தான் வைத்திருக்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தக் கண்ணாடியை மூடமாட்டேன். காலையில் பிள்ளைகள் வருமுன் துடைத்து வைப்பேன். அடுத்த சித்திரைக்கும் படலை திறந்திருக்கும். உன் கள்ளத்தை நானோ துளசியோ ஒருத்தருக்கும் சொல்லமாட்டோம்.

உன் முகத்தோடு இங்கே இருக்கும்,
உன் தங்கச்சி.